கண்ணில் பூச்சி பறந்தால் மாத்திரையை நிறுத்தலாமா? ஒரு வரலாற்றுக் குறிப்பு

"கண்ணுல பூச்சி பறக்குது" என்று நம் ஊரில் யாராவது சொன்னால், "காலைல சாப்பிட்டியா?" என்றுதான் பதில் வரும். பசி, களைப்பு, பித்தம் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். ஆனா இன்னொரு பூச்சி இருக்கு. திடீர்னு ஒரு கண்ணில் மட்டும் கரும்புள்ளிகள், ஒட்டடை போல இழைகள், புகை மூட்டம். கண்ணை அசைத்தால் கூடவே நகரும். சாப்பிட்டாலும் போகாது.

இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கு இது வந்தால், "மாத்திரைதான் கண்ணுல கசிய வெச்சிடுச்சு" என்று தோன்றுவது இயல்பு. பலர் உடனே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இந்த முடிவு எவ்வளவு தூரம் சரி? அதைத் தேடப் போய்ச் சேர்ந்த குறிப்புகள் இவை.

கெட்ட பெயரோடு பிறந்த மருந்து

1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனப் புல்தான் காரணம். 1933 பிப்ரவரியில் ஒரு விவசாயி, பனிப்புயலில் வண்டி ஓட்டிக்கொண்டு, செத்த கன்றையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே கார்ல் லிங்க் குழு ஆறேழு வருடம் மல்லுக்கட்டி, 1939-ல் அந்தப் புல்லிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதருக்கு அனுமதி. அடுத்த வருடமே, மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள்.

நம் ஊரில் அதிகம் எழுதித் தரும் அசிட்ரோம் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. இவை ரத்தத்தில் தண்ணீர் ஊற்றி நீர்க்க வைப்பதில்லை. கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத்தான் உறையவைக்கும் புரதங்களைச் செய்கிறது. இந்த மருந்துகள் அந்த வேலையை மந்தமாக்குகின்றன, அவ்வளவுதான். முருங்கைக் கீரையை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று சாப்பிடாதீர்கள் என டாக்டர் சொல்வதும் இதனால்தான். கீரையில் வைட்டமின் கே நிறைய.

எலி மருந்து என்ற பூர்வீகம் தெரிந்தவர்கள், உடம்பில் எங்கே ரத்தம் கசிந்தாலும் இதைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனா ரத்தம் வெளியே வர முதலில் எங்கோ ஒரு குழாய் கிழிய வேண்டும். அதை இந்த மாத்திரை கிழிப்பதில்லை.

ரத்தத்தின் மேல் விழுந்த பழைய பழி

கண் கசிவுக்குக் காரணத்தை வேறெங்கோ தேடுவது புதுசு இல்லை. 1880-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஹென்றி ஈல்ஸ் என்ற கண் மருத்துவர், கண்ணுக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் கசிந்த இளைஞர்களைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு மலச்சிக்கலும் மூக்கில் ரத்தம் வடிவதும் இருந்தன. அதனால் உடம்பின் பொதுவான ரத்த ஓட்டக் கோளாறு என்றே அவர் நினைத்தார். விழித்திரையின் ரத்தக் குழாய்ச் சுவரே அழற்சியில் கெடுகிறது என்பது பிறகுதான் தெளிவானது. ஈல்ஸ் நோய் இன்று இங்கிலாந்தில் அபூர்வம், இந்தியாவில் அதிகம். சென்னை சங்கர நேத்ராலயாவில் இதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

மாத்திரை சாப்பிடுபவர் கண்ணிலும் இதே கேள்விதான்: எந்தச் சுவர், ஏன் கிழிந்தது? பெரும்பாலும் விடை இரண்டில் ஒன்று. சர்க்கரை நோயில் விழித்திரையில் புதிதாக முளைக்கும் பலவீனமான குழாய்கள். அல்லது வயது. ஐம்பதைத் தாண்டும்போது கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி விழித்திரையிலிருந்து விலகும். சுமுகமாக விலகினால் சில பூச்சிகளோடு போச்சு. ஒட்டிய இடத்தில் இழுத்தால் விழித்திரை கிழியும். இப்படித் திடீர்ப் பூச்சியோடு கூழ் விலகி வருபவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கிறது. ரத்தமும் கசிந்திருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

மாத்திரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. கிழிந்த பிறகு கசிவு அதிகமாவதற்கு அது காரணமாகலாம், ஐஎன்ஆர் எகிறியிருந்தால் இன்னும் மோசம். ஆனா ஆஸ்பிரின் விஷயத்தில் சந்தேகத்தைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்த 3,711 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1991-ல் வெளியானது. தினம் 650 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தும் கண்ணுக்குள் கசிவு கூடவில்லை.

நிறுத்தினால் என்ன ஆகும்?

1990 டிசம்பரில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் முதல் இந்திய இதய வால்வு ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டாக்டர் வலியத்தான் குழு, முந்தைய மாதிரிகள் தோற்ற பிறகு நான்காவதில் ஜெயித்தது. தயாரித்து விற்றது நம்ம சென்னை டிடிகே குழுமம். சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் இதயத்தைக் கெடுத்த எத்தனையோ ஏழைகளுக்கு அது உயிர் கொடுத்தது. ஒரே நிபந்தனை, ஆயுள் முழுக்க உறையாமை மாத்திரை. செயற்கை வால்வு வைத்தவர் அதைத் தானாக நிறுத்தினால், வால்வில் ரத்தக் கட்டி பிடித்து அது சிக்கிக்கொள்ளலாம். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். கண்ணில் தேங்கிய ரத்தத்தைப் பிறகு எடுக்க முடியும், 1970-ல் மியாமியில் ராபர்ட் மாகெமர் அதற்கு வழி காட்டிவிட்டார். மூளையில் செத்த பகுதியை மீட்க வழியில்லை.

அப்ப என்ன செய்வது?

சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கியது 1819-ல். இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை அதுதான், உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. முதல் 32 வருடம் அங்கேயும் எந்த டாக்டராலும் உயிருள்ள நோயாளியின் விழித்திரையைப் பார்க்க முடிந்திருக்காது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதற்கான கருவியை வெளியிட்டதே 1851-ல்தான். இன்று சொட்டு மருந்து விட்டு அரை மணியில் பார்த்துவிடுகிறார்கள். ரத்தம் மறைத்தால் ஸ்கேன் இருக்கிறது. காட்டாங்குளத்தூரிலிருந்து எழும்பூருக்கு ஒரே மின்சார ரயில்.

எனவே திடீர்னு பூச்சி பறந்தால், ஓரத்தில் மின்னல் அடித்தால், திரை இறங்கினது போல மறைத்தால், அன்றைக்கே விழித்திரை பார்க்கும் டாக்டரிடம் போங்கள். மாத்திரைச் சீட்டையும் கடைசி ஐஎன்ஆர் ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கிழிசலை ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் லேசரோடு முடிந்துவிடும். விழித்திரை கழன்றுவிட்டால் ஆபரேஷன்தான். மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா, தொடர்வதா என்பதைக் கண் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். அதுவரை அடுத்த வேளை மாத்திரையைப் பற்றி இதய டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.