பாலக்கோட்டுப் பெட்டி இறங்கும் இடம்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டிலிருந்து சென்னை கோயம்பேடு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஒரு பிளாஸ்டிக் பெட்டி அந்தத் தூரத்தை ஒரே இரவில் கடந்துவிடுகிறது. அந்தப் பெட்டி எங்கே இறங்குவது என்பதைச் சென்னை முடிவு செய்யத்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த முடிவும் நிலைக்கவில்லை. பெருநகரத்தின் நடுவில் இருக்கும் சந்தையை இடிப்பதா, வெளியே தள்ளுவதா, இருந்த இடத்திலேயே புதிதாகக் கட்டுவதா என்ற பேச்சு மறுபடி மறுபடி எழுகிறது. அதில் நிலத்தின் விலை வருகிறது, போக்குவரத்து நெரிசல் வருகிறது, கடைகளின் எண்ணிக்கை வருகிறது. பெட்டி வருவதில்லை. அதனால் பெட்டியோடு சேர்ந்தே போய்ப் பார்ப்போம்.

பெட்டிக்குள் இருக்கும் தக்காளியின் கதை குழித்தட்டு நாற்றில் தொடங்குகிறது. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காரிமங்கலம் பக்கத்துச் செம்மண் காடுகளில் ஆழ்குழாய்த் தண்ணீரும் சொட்டுநீர்க் குழாயும் இருந்தால் தக்காளி வைக்கலாம். பஞ்சப்பள்ளி சின்னாறு அணையின் தண்ணீர் எட்டும் நிலங்களில் இன்னும் கொஞ்சம் தைரியமாக வைக்கலாம். மேட்டுப்பாத்தி போட்டு, அதன்மேல் மல்ச்சிங் ஷீட் விரித்து, ஓட்டை போட்டு நாற்றை நடுகிறார்கள். செடி நிமிர்ந்ததும் குச்சி ஊன்றிக் கயிறு கட்ட வேண்டும். குச்சி, கயிறு, மருந்து, உரம் என்று முதல் காய் பறிக்கும் முன்பே காசு முழுவதும் மண்ணுக்குள் போய்விடும். நட்டு இரண்டு மாதம் கடந்தால் பறிப்பு தொடங்கும். அதன்பின் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை பறித்தே ஆக வேண்டும். விலை ஏறட்டும் என்று செடியிலேயே விட்டு வைக்க முடியாத பயிர் இது.

உள்ளூர்ச் சந்தைக்கு என்றால் பழமாகவே பறிக்கலாம். சென்னைக்குப் போவது செங்காய். அடிப்பக்கம் லேசாகச் சிவக்கத் தொடங்கும்போதே பறித்துவிட்டால், லாரியில் ஓர் இரவும் கடையில் இரண்டு நாளும் தாங்கும். பறிக்கும் பெண்கள் காயைக் காம்போடு திருகி எடுத்து, வெடிப்பு விழுந்ததையும் புழு துளைத்ததையும் வரப்பில் ஒதுக்கிவிட்டு, நல்லதை மட்டும் பெட்டியில் போடுவார்கள். முன்பு மூங்கில் கூடையும் மரப்பெட்டியும் இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் பெட்டி. பக்கவாட்டில் காற்றோட்டத்துக்கு ஓட்டைகள், அதன்மேல் பெயின்ட்டில் மண்டியின் முதலெழுத்துகள். எத்தனை ஊர் சுற்றினாலும் பெட்டி வீடு திரும்ப அந்த எழுத்துதான் வழி.

மார்க்கெட்டில் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும். மேல் வரிசையை விலக்கி அடியில் இருக்கும் காயைத் தொட்டுப் பார்த்துத்தான் வியாபாரி விலை சொல்வார். அவர் வாய் திறப்பதற்குள் அரை டஜன் போன் போயிருக்கும்.

“கோயம்பேட்டுல இன்னிக்கு எவ்ளோ போச்சுங்கண்ணா?”

“வரத்து சாஸ்திப்பா. நேத்தைக்கு இன்னிக்கு எறங்கிடுச்சு.”

பாலக்கோட்டின் விலை அந்த ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஆந்திரத்து மதனப்பள்ளியிலிருந்தும் கர்நாடகத்துக் கோலாரிலிருந்தும் அன்றைக்கு எத்தனை லாரி சென்னைக்கு வந்தது என்பது மாரண்டஅள்ளிக்காரரின் கூலிக் கணக்கைத் தீர்மானிக்கிறது. விழுந்த விலையிலிருந்து கமிஷன் போகும், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி போகும், வண்டி வாடகை போகும். மிச்சம்தான் விவசாயிக்கு. வரத்து பெருகிய மாதங்களில் அந்த மிச்சம் பறிப்புக் கூலிக்கும் காணாது. அப்போதுதான் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன: சாலையோரம் கொட்டிய தக்காளி, காட்டிலேயே மாட்டை விட்டு மேய்த்த தக்காளி.

விலை விழும்போதெல்லாம் குளிர்பதனக் கிடங்கு வேண்டும், சாறு எடுக்கும் ஆலை வேண்டும் என்ற கோரிக்கை இந்த மாவட்டத்தில் எழும். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் கிடங்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. செங்காயை 12, 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் குளிரால் அடிபட்டு, பழுக்காமலே நிறம் கெடும். சரியான குளிரில் வைத்தாலும் வாரக் கணக்கில்தான் தாங்கும், மாதக் கணக்கில் தாங்காது. தக்காளியைப் பொறுத்தவரை ஓடுகிற லாரியும் அது போய் நிற்கிற சந்தையும்தான் கிடங்கு. ஆகவே சந்தை சரியாக இருக்க வேண்டும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு வாழ்வுப் பிரச்சினை.

லாரி காரிமங்கலம் வழியாக நெடுஞ்சாலை ஏறி, கிருஷ்ணகிரி தாண்டி, வாணியம்பாடி, பள்ளிகொண்டா, வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் என்று சுங்கச்சாவடிகளில் காசு கட்டிக்கொண்டே போகும். ஒரே கெடு: விடிவதற்குள் இறக்கியாக வேண்டும். தாமதமாகப் போன பெட்டிக்குக் காலை விலை கிடைக்காது.

1996-க்கு முன் இந்தப் பயணம் ஜார்ஜ் டவுனில் முடிந்தது. கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்துக்குச் சொந்தமான மார்க்கெட்டைச் சுற்றி வளர்ந்த கொத்தவால் சாவடிதான் சென்னைக்கே காய்கறி கொடுத்த இடம். தெருக்கள் லாரிகள் இல்லாத காலத்தில் போடப்பட்டவை. பெரிய வண்டிகள் வெளியே நிற்க, கைவண்டியும் தலைச்சுமையும் சந்துகளுக்குள் புகுந்து சரக்கை எடுத்துப் போகும். அழுகலும் சேறும் காலடியில் கிடக்கும். அதே நெரிசலில்தான் பத்தடிக்குள் பத்து விலை கேட்கலாம், கடன் கேட்கலாம், ஒரு கடையில் தள்ளுபடியான காயை அடுத்த கடையில் விற்றுவிடலாம். கூடைக்காரப் பெண்கள் விடியற்காலையில் வாங்கி நடந்தே போய்த் தெருத்தெருவாக விற்றார்கள். அந்த அழுக்கையும் அந்த உயிர்ப்பையும் ஒன்றாகப் பார்க்காதவர்கள் கொத்தவால் சாவடியைப் பற்றி எடுத்த முடிவு அரைகுறையாகத்தான் இருந்திருக்கும்.

1970-களில் நகரத் திட்டம் வகுத்தவர்கள் மொத்தச் சந்தையை மேற்கே கோயம்பேட்டுக்குக் கொண்டுபோக நினைத்தார்கள். வியாபாரிகள் நெடுங்காலம் எதிர்த்தார்கள். வாடிக்கை போய்விடும், தூரம் அதிகம் என்பது அவர்கள் வாதம். கடைசியில் 1996-ல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) 295 ஏக்கர் வளாகத்தில் கட்டிய சந்தை திறக்கப்பட்டது. குறிப்பிட்ட சரக்குகளின் மொத்த வியாபாரம் எந்த இடத்தில் நடக்கலாம் என்பதை ஒழுங்குபடுத்த அதே ஆண்டு தனிச் சட்டமும் வந்தது. பாலக்கோட்டு லாரி ஊருக்குள் நுழையாமலே இறக்கும் வசதி அதனால்தான் வந்தது. அகலமான சாலைகள், காய்க்கும் பழத்துக்கும் பூவுக்கும் தனித்தனி வளாகங்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் என்று ஆசியாவின் பெரிய சந்தைகளில் ஒன்றாக அது பெயர் வாங்கியது. தூரத்து விவசாயியின் கண்ணால் பார்த்தால் அந்த மாற்றம் சரியானதுதான்.

உலகத்தின் மற்ற பெருநகரங்களும் இதே கேள்வியைச் சந்தித்தன. பாரிஸ் நகரம் நடுவிலிருந்த லே ஆல் சந்தையை 1969-ல் ருங்கிஸுக்கு மாற்றிவிட்டு, பழைய இரும்புக் கூடங்களை இடித்தது. லண்டனில் கோவென்ட் கார்டன் சந்தை 1974-ல் நைன் எல்ம்ஸுக்குப் போனது. அங்கே குடியிருப்போர் போராடியதால் பழைய கட்டடம் பிழைத்து, 1980-ல் கடைவீதியாகத் திறக்கப்பட்டது. காலியான இடத்தை என்ன செய்வது என்பதில் இரண்டு நகரங்களும் வேறு வேறு வழியில் போயின. விளைபொருளுக்கு நல்ல இடம் ஒன்றைக் கட்டிய பிறகே பழையதைக் காலி செய்வதில் இரண்டும் ஒன்றுபட்டன.

இடம் கொடுத்தால் போதாது என்பதற்கு நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாகக் கள்ளிக்குடியில் ஏறக்குறைய 77 கோடி ரூபாயில் 830 கடைகளோடு ஒரு வளாகம் கட்டப்பட்டு 2017-ல் திறக்கப்பட்டது. மொத்த வியாபாரிகள் போக மறுத்தார்கள். கடை சிறிது, நகரத்திலிருந்து தூரம் என்றார்கள். கட்டடம் நின்றது, சந்தை வரவில்லை. லாரி எங்கே நிற்கும், எத்தனை பெட்டி இறங்கும், இறக்கிய பெட்டியை எங்கே அடுக்குவது என்று கேட்டுக் கட்டாத சந்தைக்கு அதுதான் கதி.

கோயம்பேட்டுக்கு வேறு சோதனை வந்தது. ஊருக்கு வெளியே என்று நினைத்துக் கட்டிய சந்தையைத் தேடி ஊரே வந்துவிட்டது. 2002-ல் பக்கத்திலேயே புறநகர்ப் பேருந்து நிலையம், 2015-ல் மெட்ரோ ரயில். சுற்றிலும் குடியிருப்புகள், அலுவலகங்கள். 2020 மே மாதம் கொரோனா சந்தைக்குள் புகுந்து, ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகக் கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை போனது. மே 5-ல் சந்தை மூடப்பட்டு, அடுத்த சில நாட்களில் திருமழிசையில் தற்காலிகக் கொட்டகைகள் முளைத்தன. மழை வந்தபோது அங்கே தக்காளிப் பெட்டிகள் சேற்றுத் தண்ணீரில் நின்றன. காய்கறிச் சந்தை கோயம்பேட்டில் மீண்டும் திறந்தது செப்டம்பர் 28-ல். சந்தை திறந்தும், லாரிகள் நின்று தக்காளி இறக்கும் மைதானம் திறக்கப்படவில்லை. 2021 நவம்பரில் மழையால் வரத்து குறைந்து கிலோ விலை 100 ரூபாயைத் தாண்டியபோது, அந்த மைதானத்துக்காகத் தக்காளி வியாபாரிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். லாரிகள் நிறுத்தி இறக்கத் தற்காலிகமாக இடம் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. சுமார் ஒரு ஏக்கர் அளவு தரைக்காக நடந்த வழக்கு அது. பெட்டி இறங்கத் தரை இல்லாவிட்டால் லாரி காத்திருக்கும், காத்திருந்தால் காய் கனியும், கனிந்தால் கழிவு கூடும், விலை ஏறும். ஏறிய விலை விவசாயிக்கும் வராது.

2023 ஜூலையில் விலை இன்னும் ஏறியது. அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. சென்னைக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. விலை கூடினால் நகரத்துக்காகக் கைகொடுக்கும் அதே வேகம், விலை சரியும் மாதத்தில் பாலக்கோட்டுக்காகவும் வேண்டும். கூழாக்கும் நடமாடும் வண்டிகளும் உழவர் சந்தைகளும் தொடக்கங்கள். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை தருமபுரிக்கும் வந்தது. ஆனால் அங்கே எழுதிப் போடும் விலையும் மொத்தச் சந்தை விலையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. எங்கே சுற்றினாலும் கணக்கு மொத்தச் சந்தைக்கே திரும்புகிறது.

2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்து, கோயம்பேட்டுப் பேருந்துகள் பல அங்கே போன பிறகு, கோயம்பேட்டில் காலியாகும் நிலத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. சந்தையையும் இன்னும் மேற்கே நகர்த்தலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். நகர்த்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1996-ல் நகர்த்தியது நன்மை செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் நகரம் பெரிதாகிச் சந்தையைத் தொட்டதும், இடத்தின் மதிப்பு கூடிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தையைக் கிளப்பினால், அந்தச் செலவு கடைசியில் வந்து விழுவது மாரண்டஅள்ளிக் காட்டில்தான்.

ஆகவே எந்தச் சந்தையை மாற்றிக் கட்டினாலும் சில கேள்விகளுக்குப் பதில் முதலில் எழுதப்பட வேண்டும். நள்ளிரவில் எத்தனை லாரி ஒரே நேரத்தில் நின்று இறக்க முடியும்? சுமை தூக்குகிறவருக்குக் குடிநீர், கழிப்பறை, படுக்க இடம் எங்கே? தினம் நூறு டன்னுக்கு மேல் சேரும் கழிவு எந்த வழியாகப் போகும்? அன்றைய வரத்தும் விற்ற விலையும், போனைக் கையில் வைத்திருக்கும் வியாபாரிக்கு மட்டும் தெரியாமல், பாலக்கோட்டு விவசாயி பறிப்புக்கு முன்பே பார்க்கும்படி எங்கே எழுதப்படும்? காலிப் பெட்டி திரும்ப என்ன ஏற்பாடு?

இந்தக் கேள்விகளுக்கு வரைபடம் போடுகிறவர்களால் தனியாகப் பதில் சொல்ல முடியாது. அடுத்த திட்டக் கூட்டத்துக்குச் சென்னை வியாபாரிகளை அழைக்கும் அதே கடிதம் பாலக்கோட்டு மண்டிக்காரருக்கும், தக்காளி வைக்கிற விவசாயிக்கும், பெட்டி சுமக்கிற தொழிலாளிக்கும் போக வேண்டும். சந்தை நகரத்தின் நிலத்தில் இருக்கலாம். அதை நிரப்புகிறவர்கள் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் சந்தையைப் பற்றி முடிவெடுக்க எந்த நகரத்துக்கும் உரிமை இல்லை.