கமலையும் காமாலையும்

சங்கரன்கோவில் வட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாக விளங்கும் மேலநீலிதநல்லூரும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும், 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவாகும் வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. ஆங்கிலேயர் காலத்து ஆவணங்கள் இவ்வட்டத்தைச் சங்கரநயினார்கோவில் என்ற பெயரால் குறித்தன. தாமிரபரணியின் வாய்க்கால்கள் எட்டாத மானாவாரி நிலமாதலால் வடகிழக்குப் பருவமழையும் குளமும் கிணறுமே இங்கு வேளாண்மையைத் தாங்கின. கம்பும் சோளமும் வயிற்றை நிரப்ப, பருத்தியும் மிளகாயும் உளுந்தும் கையில் காசு தந்தன. கல்லீரல் நோயைப் பற்றி இந்நிலத்து மக்கள் கொண்டிருந்த அறிவு அவர்களுடைய உணவோடும் உழைப்போடும் சேர்ந்தே உருவாயிற்று. அவ்விரண்டும் மாறிய பின்னும் அந்த அறிவு பழைய இடத்திலேயே நின்றுவிட்டதில்தான் இன்றைய சிக்கல் தொடங்குகிறது.

ஊர் வழக்கில் கல்லீரல் நோய்க்கு நெடுங்காலம் இருந்த பெயர் ‘மஞ்சள் காமாலை’ என்பதே. கண்ணும் சிறுநீரும் மஞ்சளாதல், உணவில் வெறுப்பு, உடல் மெலிதல் ஆகியவையே அதன் அடையாளங்கள். பித்தம் மிகுந்து இரத்தத்தில் கலப்பதே காரணம் எனச் சித்த மருத்துவம் விளக்கியது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரிலோ பாலிலோ கலந்து கொடுப்பதும், எண்ணெயும் காரமும் புளியும் நீக்கிய பத்தியம் காப்பதும், நோயாளியை வேலைக்கு அனுப்பாமல் படுக்க வைப்பதும், இளநீரும் கரும்புச்சாறும் பிற்காலத்தில் குளுக்கோஸ் கரைசலும் பருகத் தருவதும் மருத்துவ முறையாயின. இக்காமாலையின் பெரும்பகுதி, மாசடைந்த குடிநீரின் வழியாகப் பரவும் வைரஸ்களால் கல்லீரலில் ஏற்படும் அழற்சியே என்பதும், அது பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும் என்பதும் 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயின. ஆகவே ஓய்வும் எளிய உணவும் கலந்த அந்தப் பழைய முறை, பசியோடு உழைத்து மெலிந்த உடலுக்குப் பெரிதும் பொருந்தியே வந்தது.

இரத்தத்தின் வழியே பரவி உடலில் நிலைத்துவிடக்கூடிய பி வகைக் கல்லீரல் அழற்சி வைரஸை இனங்காண உதவியவரும் 1976இல் நோபல் பரிசு பெற்றவருமான பரூக் புளும்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் முதலியோருடன் இணைந்து கீழாநெல்லியை நோயாளிகளிடம் சோதித்து, அதன் முடிவை 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். மருந்து பெற்ற 37 பேரில் 59 விழுக்காட்டினரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேற்புறப் புரதம் மறைந்தது என்ற அச்செய்தி உலகின் கவனத்தை ஈர்த்தபோதிலும், பிற நாடுகளில் நடந்த பின்னைய ஆய்வுகள் அதே பலனைக் காட்டவில்லை. எனினும் கல்லீரல் என்றதும் கீழாநெல்லியையும் பத்தியத்தையும் நினைக்கும் வழக்கம் அதனால் மேலும் உறுதிப்பட்டது.

இதற்கிடையில் நிலத்தின் உழைப்பு முறை மாறிக்கொண்டிருந்தது. தோல்வால் தைத்த சால் எனும் வாளியைக் கிணற்றில் இறக்கி, சரிவான பாதையில் மாடுகள் இறங்கும் விசையால் நீரை மேலிழுக்கும் இறைவையான கமலை, விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும் வரை ஆளையும் மாட்டையும் நடக்கவைத்தது. வீட்டுக்குள் உரலும் உலக்கையும் திருகையும் ஆட்டுரலும் பெண்களின் தோளையும் இடுப்பையும் ஓயவிடவில்லை. மின்மோட்டார் வந்தபின் கமலை நின்றது. மாவரைக்கும் ஆலைகளும், 2011 முதல் அரசே விலையின்றி வழங்கிய கிரைண்டரும் மிக்சியும் உரலுக்கு ஓய்வளித்தன. நியாயவிலைக் கடைகளில் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் கிடைத்தபோது, கம்பங்கூழும் சோளச்சோறும் அடுக்களையிலிருந்து விலகின. பரோட்டாவும் பிரியாணியும் விழாநாள் எல்லையைத் தாண்டி வாரநாள் உணவாயின. தாது வருஷப் பஞ்சம் எனப்படும் 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தை நினைவில் வைத்திருந்த ஒரு நாட்டுக்குப் பசி நீங்கியது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் பஞ்சத்தைக் கடக்கக் கொழுப்பைச் சேமித்துப் பழகிய உடலுக்கு, சேமித்ததைச் செலவிடும் வழி அப்போதுதான் அடைபட்டது.

மருத்துவ உலகமும் இதை மெல்லவே உணர்ந்தது. கல்லீரலில் கொழுப்பேறுவதை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பெரும்பாலும் மதுவோடு இணைத்தே கண்டனர். 1952இல் சாமுவேல் ஜெல்மன் பருத்த உடலினரின் கல்லீரல் சேதத்தை விவரித்தார். மது அருந்தாதவர்களிடமும் குடிநோயாளிகளுக்கு உரிய அதே அழற்சி காணப்படுவதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த யூர்கன் லுட்விக் 1980இல் 20 நோயாளிகளைக் கொண்டு எடுத்துக்காட்டி, அதுவரை பெயரில்லாதிருந்த அந்நோய்க்குப் பெயரிட்டார். ‘மதுசாரா’ என்ற எதிர்மறைப் பெயர் நோயின் காரணத்தைச் சொல்லாமல் விடுகிறது என்பதால், 2023இல் பன்னாட்டு வல்லுநர்கள் வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு அதைத் தொடர்புபடுத்திப் புதுப்பெயர் வகுத்தனர்.

நோய் முற்றும் முறை படிப்படியானது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்புத்திசு வெறும் கிடங்காக இராமல், அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது; உடல் இன்சுலினுக்கு இணங்க மறுக்கும்போது கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் பெருகிக் கல்லீரலை அடைகின்றன; மாவும் சர்க்கரையும் மிகும்போது கல்லீரல் தானும் அவற்றைக் கொழுப்பாக்குகிறது. கல்லீரல் உயிரணுக்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புத்துளி தங்கினால் அது கொழுப்பேறிய கல்லீரல், அதாவது ஸ்கேன் அறிக்கைகளின் வழியே ஊரறிந்த ‘ஃபேட்டி லிவர்’. அவ்வணுக்கள் வீங்கிச் சிதைவது அழற்சி. காயம் ஆறும் இடங்களில் நார் படிவது நார்த்தடிப்பு. உறுப்பு முழுதும் முடிச்சு முடிச்சாகச் சுருங்குவது ஈரல்நோயின் இறுதிநிலையான சிர்ரோசிஸ். மஞ்சள் நிறம் பெரும்பாலும் இக்கடைசிப் படியில்தான் தோன்றுகிறது. ஆதலால், கண் மஞ்சளாவதையே கல்லீரல் நோயின் தொடக்கமாகக் கொள்ளும் பழைய கணிப்பு இங்கே பல ஆண்டுகள் பிந்திவிடுகிறது.

பருமன் என்ற சொல்லும் ஏமாற்றக்கூடியது. ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே இந்தியர் உடலில் கொழுப்பு மிகுவதால், மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் கிலோகிராம் எடையை வகுத்துப் பெறும் உடல் நிறைக் குறியீடு 30ஐ எட்டுவதே பருமன் என்ற பொது அளவை இந்திய வல்லுநர்கள் 2009இல் 25 எனக் குறைத்தனர். பொது அளவில் மிகையெடையைக் குறிக்கும் அந்த 25ஐத் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் எட்டியிருந்தனர் என 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. சென்னையில் நீரிழிவு ஆய்வாளர் மோகனின் குழுவினர் 541 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில் 32 விழுக்காட்டினருக்கும், ஆராயப்பட்டோருள் நீரிழிவு உடையோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கும் கொழுப்பேறிய கல்லீரல் இருந்தது.

பித்தநாளங்களின் வரலாறும் இதே திசையில் திரும்பியது. இந்திய இரயில்வேத் தொழிலாளரை ஆராய்ந்த எஸ்.எல்.மல்ஹோத்ரா, பித்தக்கல் நோய் தெற்கைவிட வடக்கில் 7 மடங்கு மிகுதி என 1968இல் எழுதினார். தென்னாட்டில் காணப்பட்ட கற்களிலும் பித்த நிறமியால் ஆன கருநிறக் கற்களே மிகுந்திருந்தன. உடல் பருக்கும்போது கல்லீரல் பித்தநீரில் கொலஸ்டிராலை மிகுதியாகக் கலப்பதும், பித்தப்பை சுருங்கும் வேகம் குறைவதும் கொலஸ்டிரால் கற்களுக்கு வழிசெய்கின்றன. பையிலிருந்து நழுவிய கல் பொதுப் பித்தநாளத்தை அடைத்தால், தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகிப் பித்தநாள அழற்சி உண்டாகிறது. காய்ச்சல், வலி, மஞ்சள் நிறம் என்ற அதன் மும்மை அடையாளத்தை ழான் மார்ட்டின் ஷார்க்கோ 1877இல் வகுத்தார். உடலின் எதிர்ப்பாற்றலே நுண்ணிய பித்தநாளங்களைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்க்குப் பருமன் மூலகாரணம் அன்று. ஆனால் அந்நோயாளியின் கல்லீரலில் கொழுப்பும் ஏறும்போது ஒரே உறுப்பின் மேல் இரண்டு அழற்சிகள் சேர்வதால் சேதம் கடுமையாவதுடன், இரத்தச் சோதனையில் காணும் மாற்றம் எந்நோயால் விளைந்தது எனப் பிரித்தறிவதும் அரிதாகிறது.

காமாலைப் பத்தியத்தின் வரலாறு இந்த இடத்தில் தலைகீழாகிறது. படுக்கையும் கரும்புச்சாறும் குளுக்கோஸும் வைரஸ் காமாலையில் மெலிந்தவனுக்கு ஆறுதலாக அமைந்தன; கொழுப்பேறிய கல்லீரல் உடையவருக்கோ அவையே நோயின் தீனியாகின்றன. எடையில் 5 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் கொழுப்பு கரையத் தொடங்கும் என்பதும், 7 முதல் 10 விழுக்காடு வரை குறைந்தால் அழற்சி அடங்கி நார்த்தடிப்பும் பின்வாங்கக்கூடும் என்பதும் இக்கால ஆய்வுகளின் முடிவு. பட்டினியால் விரைந்து மெலிவது பித்தக்கல்லையே பெருக்குமாதலால் அக்குறைப்பு மெல்ல நிகழவேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர் வீட்டு வாசலில் சர்க்கரையைச் சோதித்துக் கண்டறியும் நீரிழிவாளர்களே கொழுப்பேறிய கல்லீரலையும் மிகுதியாகச் சுமப்பவர்கள் என்பதால், கண் மஞ்சளாகும் வரை காத்திராமல் அந்நோயை நெருங்கும் வழி இப்போது ஊர்வரை வந்திருக்கிறது. அவர்களுக்குச் சொல்லப்படும் புதுப்பத்தியம், அரிசியும் இனிப்பும் குறைந்த தட்டும் நாள்தோறும் நடக்கும் நடையும் ஆகும். கமலைப்பாதையில் முன்னோர் கூலியும் பசியுமாக நடந்த அதே தொலைவை, அவர்களின் பேரர்கள் நோய் நீங்க நடக்கவேண்டியிருக்கிறது.