விரிசலின் முனை

கடத்தூர்ச் சாலையோரப் பட்டறையில் ஒரு கிழட்டு லாரியின் சேஸிஸ் விரிசல் கண்டு நின்றது. புளி மூட்டை காத்திருக்கிறது, வண்டிக்காரருக்கோ அவசரம். "மேலாகப் பத்த வெச்சு விடு, மேஸ்திரி" என்றார். மேஸ்திரி கேட்கவில்லை. விரிசல் முடிகிற இடத்தைத் தேடி முதலில் ஒரு சிறு துளை போட்டார். "இல்லேன்னா ஓடிக்கிட்டே போகுங்க" என்றார் என்னிடம்.

1913-ல் இங்கிலீஷ்காரர் இங்லிஸ் கணக்கிட்டுச் சொன்னதும் அதுதான்: இழுவிசையெல்லாம் விரிசலின் கூர்முனையில் போய்க் குவிகிறது. அகன்ற தகட்டில் வட்டத் துளை இருந்தால், விளிம்பில் அது சுமார் மூன்று மடங்கோடு நின்றுவிடும். கூர்முனையிலோ பல மடங்கு ஏறும்.

இத்தகைய ஒட்டுவேலைக்கு ஒரு காலத்தில் ஏகக் கிராக்கி. 1945-ல் யுத்தம் ஓய்ந்ததும் பட்டாளத்து ஃபோர்டும் செவர்லேயும் விற்பனைக்கு வந்தன. டாட்டாவின் பென்ஸ் லாரி 1954-ல்தான் ஜாம்ஷெட்பூரிலிருந்து புறப்பட்டது. எண்ணூர் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டானது 1955-ல். அதுவரை பலருக்குப் பழைய இரும்பே கதி. லாரிக்கும் குலதெய்வம் உண்டென்றால், அது வெல்டிங்காரர்தான்!

விரிசலைப் பற்றவைத்த பிறகு, மேஸ்திரி மேலே ஒரு பட்டைத் தகடு வைத்தார். அதன் இரு முனைகளையும் சரிவாக வெட்டியிருந்தார். நேராக வெட்டினால் தகடு முடிகிற கோட்டிலேயே சட்டம் மறுபடி ஒடியுமாம். வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.