கரும்பந்தும் குடவோலையும்

ஒருவரைச் சேர்க்க மறுத்து விலக்குதலை ஆங்கிலத்தார் ‘பிளாக்பால்’ என்பர். கரும்பந்து என்பது அதன் பொருள். அவர்தம் மன்றங்களில் புதியவரைச் சேர்க்குமுன் உறுப்பினர் மறைவாகப் பந்து இடுவர். வெண்பந்து இசைவு, கரும்பந்து மறுப்பு. பல மன்றங்களில் ஒரே கரும்பந்து போதும், காரணம் கேட்பாரில்லை. வாக்குச்சீட்டைக் குறிக்கும் ‘பாலட்’ என்ற சொல்லும் சிறு பந்து எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழி வந்ததே.

நம் உத்திரமேரூரிலோ, முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடத்திலிட்ட ஓலையைப் பேசுகின்றன. ஓலைக்கு நிறமில்லை, பெயரே உண்டு. ஏதுமறியாச் சிறுவன் அதனை எடுப்பான். விலக்கப்படுவோர் யாவர் என்பதும் கல்லிலேயே உண்டு: வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதோர், அவர்தம் உறவினர், பிறர் பொருளைக் கவர்ந்தோர். நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அவ்வாய்ப்பு இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அங்கே விலக்குண்டவன் காரணத்தைச் சுவரிலே கண்டான். கரும்பந்து பெற்றவனோ எவர் கை அது என்றும் அறிந்திலன்.