சுமாகோ ஊரார் எடுத்த முடிவு

ஜப்பானுக்குப் போகிறவர்கள் கேட்டால், கியோட்டோவுக்கு ஒதுக்கும் நாட்களில் ஒன்றைச் சுமாகோவுக்குக் கொடுங்கள் என்பேன். இன்று டோக்கியோவாகிவிட்ட எடோவையும் கியோட்டோவையும் மலைவழியே இணைத்தது நகாசெந்தோ சாலை. அதில் இருந்த 69 தங்கல் ஊர்களில் சுமாகோ 42ஆவது. 1635 முதல் பிரபுக்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு எடோவில் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் கண்பார்வையில் வசித்தாக வேண்டியிருந்தது. பரிவாரத்தோடு அவர்கள் வரும்போது சுமை தூக்க 25 ஆட்களும் 25 குதிரைகளும் இங்கே எப்போதும் ஆயத்தம்.

ஊரைச் சுற்றிலும் ஹினோக்கி எனும் சைப்ரஸ் மரக் காடு. ஆனால் அது ஓவாரி பிரபுவின் சொத்து. ஒரு மரத்தை வெட்டினால் ஒரு தலை போகும் என்பது சுமாகோ இருக்கும் கிசோ பள்ளத்தாக்கின் வழக்கு. ஷோகுன்களுக்குப் பின் வந்த மெய்ஜி பேரரசர் ஆட்சியில் தடை விலகியதும், 1877இல் இவ்வூர் ஹயாஷி குடும்பம் ஹினோக்கியாலேயே ஒரு மாளிகை எழுப்பியது. தலைமுறைகளாகத் தொட அஞ்சிய மரம் தூணாக, உத்தரமாக, தரையாக நிற்கிறது. நடுக்கூடத்து அடுப்பின் புகையேறிக் கறுத்த அந்த உத்தரங்களின் கீழ் நிற்கும்போது எனக்கு அச்சமும் மகிழ்ச்சியும் சேர்ந்தே வரும். இப்போது அது அருங்காட்சியகம்.

1911இல் ரயில் பாதை முழுமையானது. தண்டவாளம் கிசோ ஆற்றையொட்டிப் போக, சுமாகோ ஒதுங்கிப்போனது. பிழைப்புத் தேடி இளைஞர்கள் வெளியேறினார்கள். வறுமைதான் பழைய வீடுகளைக் காத்தது என்று பலர் எழுதுகிறார்கள்; நான் ஏற்கமாட்டேன். ஆளில்லாத வீடு தானாகவே சரிந்துவிடும். 1968இல் சீரமைப்பு தொடங்கியது. 1971இல் ஊரார் கூடி உறுதி எடுத்தார்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. மூன்றில் நடுவில் உள்ளதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாடகை ஆசை வென்றிருந்தால் வெளியூர்க் கடைகள் நிறைந்திருக்கும், குடும்பங்கள் போயிருக்கும். 1976இல் அரசு முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பகுதிகளில் சுமாகோவும் ஒன்று. மின்கம்பிகள் தெருவின் பார்வையில் படாதபடி மறைக்கப்பட்டுள்ளன. பகலில் கார்களுக்கு அனுமதியில்லை.

நடக்க முடிந்தவர்கள் பக்கத்துத் தங்கல் ஊரான மகோமேயிலிருந்து பழைய சாலையிலேயே வாருங்கள், ஏறத்தாழ 8 கிலோமீட்டர். மகோமே 1895இல் தீக்கிரையாகி மறுபடி எழுந்தது. அங்கிருந்து புறப்பட்டால் ஏற்றம் குறைவு. கரடிகளை விலக்க வழியில் மணிகள் தொங்கும், தயங்காமல் அடியுங்கள்.