எரிவாயுச் சுவர்க் கணப்பு: புகைக்குழாயுடைய வகை

எரிவாயுச் சுவர்க் கணப்பு என்பது குளிர்நாட்டு வீடுகளில் சுவரின் மேலோ சுவருக்குள்ளோ பொருத்தப்பட்டு, இயற்கை எரிவாயுவையோ புரோப்பேன் எனப்படும் உருளை வாயுவையோ எரித்து, ஓர் அறையையோ அடுத்தடுத்த இரண்டு அறைகளையோ சூடாக்கும் கருவியாகும். எரிந்தபின் எஞ்சும் கழிவு வாயுவைக் குழாய் வழியே வெளியே கொண்டுசெல்வது புகைக்குழாயுடைய வகை. அதை அறைக்குள்ளேயே விட்டுவிடுவது குழாயற்ற வகை. வீடு முழுவதும் காற்றுக்குழாய்களைப் பரப்பி ஒரே உலையால் சூடாக்குவதற்கு இடமோ பணமோ போதாத சிறு வீடுகளிலும் பழைய அடுக்ககங்களிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சிறப்பாகக் கலிபோர்னியாவில், இக்கருவி பரவலாகக் காணப்படுகிறது. பேச்சில் இதனை வால் ஹீட்டர் என்றும் வால் ஃபர்னஸ் என்றும் கூறுவர்.

தோற்றமும் வளர்ச்சியும்

எரிவாயுவால் வீட்டைச் சூடாக்கும் எண்ணம் அதனால் விளக்கேற்றும் எண்ணத்தோடு ஒருங்கே பிறந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் பிலிப் லெபோன் 1799இல் உரிமம் பெற்று, 1801இல் பாரிஸ் மாளிகை ஒன்றில் பொதுமக்களுக்குக் காட்டிய தெர்மோலாம்ப் என்னும் அமைப்பு, மரத்தை மூடிய கலத்தில் சுட்டுப் பெற்ற வாயுவைக் கொண்டு வெளிச்சத்தையும் வெப்பத்தையும் ஒருசேரத் தருவதாக இருந்தது. எனினும் பிரிட்டனில் வில்லியம் மர்டாக் 1792இல் நிலக்கரி வாயுவால் தம் வீட்டில் விளக்கேற்றிய வழியே வணிகத்தில் வென்றது. 1812இல் லண்டனில் உரிமம் பெற்ற வாயு நிறுவனமும் அதைப் பின்பற்றிய பிற நிறுவனங்களும் விளக்கேற்றுவதையே தம் தொழிலாகக் கருதின. வெப்பம் அரை நூற்றாண்டுக் காலம் பின்தங்கி நின்றது. விளக்குக்குரிய மஞ்சள் சுடர் கரியை உமிழ்வதால் அதைக்கொண்டு உலோகத் தகட்டையோ களிமண்ணையோ தூய்மையாகச் சூடாக்க முடியாதிருந்ததே அதற்குக் காரணம்.

இந்தத் தடையை நீக்கியது ஹைடல்பர்க் பல்கலைக்கழக வேதியியலாளர் ராபர்ட் பன்சனின் பெயரால் வழங்கும் எரிப்பான். அவருடைய ஆய்வகக் கருவியாளர் பீட்டர் டெசாகா 1855ஆம் ஆண்டளவில் செய்தளித்த இந்த எரிப்பானில் வாயு எரிவதற்கு முன்பே காற்றோடு கலந்துவிடுவதால், புகையற்ற, வெப்பம் மிகுந்த நீலச் சுடர் கிடைத்தது. அடுத்த ஆண்டே லண்டனில் பெட்டிட், ஸ்மித் என்னும் இருவர் இச்சுடரைக்கொண்டு அறையைச் சூடாக்கும் கருவியைச் செய்தனர். 1880களில் சிகிஸ்மண்ட் லியோனி என்பவர் சுடருக்கு மேல் அஸ்பெஸ்டாஸ் நார்க்கற்றைகளை வைத்து, அவை சிவந்து ஒளிர்ந்து வெப்பத்தைக் கதிர்களாக வீசும்படி செய்தார். நலவாழ்வு நோக்கில் இது நல்ல தெரிவன்று என்பதைப் பின்வந்த தலைமுறையே அறிந்தது. அந்நார்களின் இடத்தைப் பின்னர் சுட்ட களிமண் துண்டுகள் பிடித்தன. இதே காலத்தில் மின்விளக்கு பரவி, வாயு நிறுவனங்களின் விளக்கு வணிகத்தைப் பறிக்கத் தொடங்கவே, அவை சமையலையும் கணப்பையும் நோக்கித் திரும்பின. இன்றைய எரிவாயுக் கணப்பு, அதன் தொழில்நுட்பச் சிறப்பால் மட்டுமன்றி, விளக்குச் சந்தையில் தோற்றவர்களின் பிழைப்புக்காகவும் வளர்ந்தது என்று கூறுவது மிகையாகாது.

அமெரிக்காவின் கதை வேறு. நியூயார்க் மாநிலத்தின் பிரெடோனியாவில் வில்லியம் ஹார்ட் 1821இல் தோண்டிய கிணற்றோடு அங்கு இயற்கை எரிவாயுத் தொழில் தொடங்கியது. எனினும் நெடுந்தொலைவுக் குழாய்கள் அமையும்வரை கிணற்றையொட்டிய ஊர்களே அதனால் பயன்பெற்றன. இரண்டாம் உலகப்போரின்போது டெக்சாஸ் எண்ணெயைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுசெல்ல இடப்பட்ட பெரிய இரு குழாய்கள் 1947இல் எரிவாயுவுக்கு மாற்றப்பட்டன. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட சிறு வீடுகளில் மலிவான சுவர்க் கணப்பு இடம்பெற்றது. அவ்வீடுகளின் மரச்சட்டச் சுவர்களில் செங்குத்துச் சட்டங்கள் மையத்துக்கு மையம் 16 அங்குல இடைவெளியில் நிற்பதால், அந்த இடைவெளிக்குள் அடங்குமாறே கருவியின் அகலமும் அமைந்தது.

நச்சும் வெடிப்பும் பற்றிய அறிவு

புகைக்குழாய் ஏன் வேண்டும் என்பதைக் காட்டியவர்கள் உடலியலாளர்களே. கிளாட் பெர்னார் 1857இல் கார்பன் மோனாக்சைடு குருதியின் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினோடு பிணைந்து ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்வதை விளக்கினார். இப்பிணைப்பு ஆக்சிஜனுடையதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலியது. ஜான் ஸ்காட் ஹால்டேன் 1890களில் தாமே அந்த வாயுவைச் சுவாசித்து, மயக்கம் எந்த அளவில் தொடங்குகிறது என்று குறித்தார். 1902 செப்டம்பரில் எழுத்தாளர் எமில் ஸோலா பாரிஸில் தம் படுக்கையறையில் புகைபோக்கி அடைபட்டதால் இந்த வாயுவுக்கே பலியானார். பழைய நிலக்கரி வாயுவில் கார்பன் மோனாக்சைடு கலந்தே இருந்ததால் கசிவே நஞ்சாயிற்று. இயற்கை எரிவாயுவிலோ புரோப்பேனிலோ அது இல்லை. போதிய காற்றின்றி அரைகுறையாக எரியும்போதே உண்டாகிறது. ஆகவே இன்றைய கருவியில் கசிவின் ஆபத்து வெடிப்பு. புகைக்குழாய் தவறுவதன் ஆபத்து நச்சு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது பொதுமக்களிடம் காணப்படும் பெரும் பிழையாகும்.

வெடிப்பின் கொடுமையை 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் நேர்ந்த விபத்து காட்டியது. செலவைக் குறைக்க அப்பள்ளி எண்ணெய் வயலின் கழிவு வாயுவைத் தன் கணப்புகளுக்கு இணைத்துக்கொண்டிருந்தது. மணமற்ற அந்த வாயு கட்டடத்தின் அடித்தள வெற்றிடத்தில் எவரும் அறியாமல் நிறைந்திருந்தபோது, தொழிற்கல்வி அறையில் மின் தேய்ப்பான் ஒன்றை முடுக்கியதில் எழுந்த பொறி அதைப் பற்றவைத்தது. ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் மாணவர்கள், இறந்தனர். அதன் பின்னரே எரிவாயுவில் மெர்காப்டன் என்னும் கந்தக வகைப் பொருளைக் கலந்து நாற்றமூட்ட வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

வகைகள்

கழிவு வாயு வெளியேறும் முறையே வகைப்படுத்தலுக்கு அடிப்படை. இயல்பு இழுவை வகையில் எரிப்பான் அறைக்காற்றையே எடுத்துக்கொள்கிறது. சூடான கழிவு வாயு இலேசானதால் தானே மேலேறி, சுவருக்குள் நிற்கும் நீள்வட்டக் குறுக்குவெட்டுடைய இரட்டைச்சுவர்க் குழாய் வழியே கூரைக்கு மேல் செல்கிறது. பி-டபிள்யூ குழாய் எனப்படும் இது, 4 அங்குலச் சட்டத்தாலான சுவரின் தடிமனுக்குள் அடங்குவதற்கென்றே நீள்வட்டமாகச் செய்யப்படுகிறது. கருவியின் தலைப்பகுதியில் இழுவை மூடி என்னும் திறப்பு உண்டு. பலத்த காற்று குழாய்க்குள் கீழ்நோக்கி வீசினால் சுடர் அணையாதிருக்க அது அறைப்பக்கம் வழிவிடுகிறது. இழுவை தவறும்போது நச்சு வாயு அறைக்குள் வழிவதும் இதே திறப்பின் வழியேதான்.

நேர்வெளியேற்ற வகை இதனினும் பாதுகாப்பானது. ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு குழாய்கள் வெளிச்சுவரைக் குடைந்து செல்ல, வெளிக்குழாய் எரிதலுக்கான காற்றை உள்ளே கொணர்கிறது, உட்குழாய் கழிவை வெளியேற்றுகிறது. எரியறை அறைக்காற்றோடு தொடர்பின்றி மூடப்பட்டுள்ளது. மின்விசிறியால் காற்றைச் செலுத்தும் வகையும் உண்டு. ஜப்பானின் நகோயாவில் 1920இல் தோன்றிய ரின்னாய் நிறுவனத்தின் கருவிகள் இதற்கு எடுத்துக்காட்டு. கட்டுப்பாட்டு முறையை வைத்தும் பிரிப்பர். எடுத்துக்காட்டாக, பைலட் எனப்படும் சிறு நிலைச்சுடரில் செருகிய பல தெர்மோகப்பிள்களின் (சூட்டை மின்னழுத்தமாக்கும் உலோக இணைகளின்) தொகுதி முக்கால் வோல்ட் அளவு மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கி வால்வைத் திறந்து வைத்திருக்கும் வகை, மின்வெட்டிலும் இயங்கும், பைலட் அணைந்தால் வால்வு தானே மூடிக்கொள்ளும். குழாயற்ற வகை வீட்டுக்கு ஏற்றதன்று. கலிபோர்னியா அதைக் குடியிருப்புகளில் தடைசெய்துள்ளது. ஒரு பங்கு மீத்தேன் எரிந்தால் இரண்டு பங்கு நீராவி உண்டாவதால், அத்தகைய அறைகளில் சன்னல் கண்ணாடி வியர்த்து, சுவரில் பூஞ்சை பிடிப்பதும் வழக்கம்.

நிறுவும் முறை

அமெரிக்காவில் இப்பணியை என்.எஃப்.பி.ஏ. 54 என்னும் தேசிய எரிவாயு விதித்தொகுப்பும் கருவியோடு வரும் கையேடும் ஆள்கின்றன. உள்ளூர் கட்டட அலுவலகத்தின் அனுமதியும் ஆய்வும் வேண்டும். முதலில் காற்றுக் கணக்கு. வெப்பத்தை பி.டி.யூ. என்னும் அலகால் அளப்பர்; ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் பாகை உயர்த்தும் வெப்பமே ஒரு பி.டி.யூ. மணிக்கு 1,000 பி.டி.யூ.வுக்கு 50 கன அடி அறைவெளி வேண்டும் என்பது விதி. 35,000 பி.டி.யூ. கணப்புக்கு 1,750 கன அடி தேவை. 15 அடி நீளம், 12 அடி அகலம், 8 அடி உயரமுள்ள அறையோ 1,440 கன அடியே ஆதலின், அடுத்த அறைக்கு மூடவியலாத இரு திறப்புகளை, மேலொன்றும் கீழொன்றுமாக, ஒவ்வொன்றும் 100 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் அமைக்கவேண்டும். நேர்வெளியேற்ற வகைக்கு இக்கணக்குத் தேவையில்லை.

பி-டபிள்யூ குழாயின் முனை கருவியின் அடியிலிருந்து 12 அடிக்குக் குறையாத உயரத்தில் இருக்கவேண்டும்; குழாய் செல்லும் சட்ட இடைவெளியில் பஞ்சு போன்ற வெப்பக்காப்புப் பொருள் எதுவும் இருத்தலாகாது. நேர்வெளியேற்றக் குழாயின் முனை தரையிலிருந்து 12 அங்குலமாவது மேலே இருந்து, சன்னல் முதலிய திறப்புகளிலிருந்து கையேடு கூறும் இடைவெளியைப் பெறவேண்டும். அறைக் கதவு திறந்து வீசும்போது கருவியின் காற்றுத் திறப்புக்கு 12 அங்குலத்துக்குள் வரலாகாது. தரையில் கதவுத்தடை பொருத்தி இந்த இடைவெளியைப் பெற்றதாகக் காட்டுவதையும் விதி ஏற்பதில்லை. கழன்றுபோகும் ஒன்றை நம்பி நெருப்பை வைக்கக்கூடாது என்னும் விதியாளர் எண்ணம் இதில் தெரிகிறது.

வாயு இணைப்பில், கருவியிலிருந்து 6 அடிக்குள் கையால் மூடும் வால்வும், குழாயில் வரும் துகளும் ஈரமும் தங்குவதற்கு 3 அங்குலத் தொங்கு துண்டும் வேண்டும். வளையும் இணைப்புக்குழாயைச் சுவருக்குள் ஒளித்தல் கூடாது. வீட்டுக் குழாயில் இயற்கை எரிவாயு 7 அங்குல நீர்மட்ட அழுத்தத்தில், அதாவது சதுர அங்குலத்துக்குக் கால் பவுண்டில், வருகிறது. புதுக்குழாயைச் சோதிப்பதோ 3 பவுண்டுக்குக் குறையாத அழுத்தத்தில். ஆகவே சோதனைக்கு முன் கருவியைக் கழற்றிவிடாவிட்டால் அதன் வால்வு உள்ளே பழுதடையும். இணைத்தபின் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பர். தீக்குச்சியால் கசிவு தேடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். புரோப்பேன் ஒரு கன அடிக்கு இயற்கை எரிவாயுவைப்போல் இரண்டரை மடங்கு வெப்பம் தருவதால் வாயுவை மாற்றினால் எரிப்பானுக்கு வாயுவை விடும் துளைமுனையையும் மாற்றவேண்டும். காற்றினும் கனமான அது கசிந்தால் தரைப்பள்ளங்களில் தேங்கும். மலையூர்களில் காற்று மெலிந்திருப்பதால் 2,000 அடிக்கு மேற்பட்ட இடங்களில், கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் 4 விழுக்காடு வீதம் எரிதிறனைக் குறைப்பர். உயர்நிலத்திலுள்ள டென்வர் போன்ற ஊரில் இது ஐந்தில் ஒரு பங்காகிறது.

இயல்பு இழுவை வகைக்கு இறுதிச் சோதனை மிக இன்றியமையாதது. சன்னல் கதவுகளைச் சாத்தி, சமையலறைப் புகைவிசிறியையும் துணி உலர்த்தியையும் ஓடவிட்டு, கணப்பை ஐந்து நிமிடம் எரியவிட்டபின், இழுவை மூடியின் ஓரத்தில் அணைந்த தீக்குச்சியின் புகையைப் பிடித்தால் அது உள்ளே இழுக்கப்பட வேண்டும். அறைப்பக்கம் திரும்பினால் கருவியை உடனே நிறுத்தவேண்டும். சுடர் நீலமாக நிற்கவேண்டும்; நிலையான மஞ்சள் சுடரும் கரியும் அரைகுறை எரிதலின் அடையாளம், இடையிடையே தெறிக்கும் செம்மஞ்சள் பொறிகள் பெரும்பாலும் தூசியே. படுக்கையறைகளுக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பானைப் பொருத்துவர். அமெரிக்கத் தரப்படி அது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 70 பங்கு, அதாவது 70 பி.பி.எம். அளவில் ஒன்று முதல் நான்கு மணி நேரத்திலும், 400 பி.பி.எம். அளவில் 4 முதல் 15 நிமிடத்திலும் ஒலிக்கும். பல மாநிலங்களில் வீட்டுக்காரர் தம் சொந்த வீட்டில் தாமே நிறுவச் சட்டம் இடந்தருகிறது. ஆயினும் உரிமம் பெற்ற பணியாளரைக் கொண்டு செய்வதே தக்கது.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் இக்கருவி வழக்கில் இல்லை; ஆயினும் உதகை, கொடைக்கானல் விடுதியறைகளில் கரியடுப்பை மூட்டிக் கதவடைத்து உறங்கியவர்களும், புகைக்குழாயின்றிக் குளியலறையில் வைத்த எரிவாயு வெந்நீர்க் கருவியால் மயங்கியவர்களும் உயிரிழப்பது இதே கார்பன் மோனாக்சைடால்தான். பிரிட்டனில் கூலிக்கு எரிவாயுக் கருவிப் பணி செய்பவர் 2009 முதல் கேஸ் சேஃப் என்னும் பணியாளர் பதிவேட்டில் பதிவு பெற்றிருக்கவேண்டும். வாடகை வீட்டின் வாயுக் கருவிகளை ஆண்டுதோறும் சோதித்து, 28 நாளுக்குள் அதன் பதிவை வீட்டுக்காரர் குடியிருப்போருக்குத் தரவேண்டும் என்பதை அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 2010இல் ஷெப்பர்ட்டன் பகுதியின் வாடகை வீடொன்றில் இரு சிறுவர்கள் கணப்பின் நச்சு வாயுவால் இறந்தபின் நெடுநாள் கழித்து, 2021 மார்ச் 29 முதல் வாடகை வீடுகளில் இரண்டாண்டுக்கு ஒருமுறை எரிவாயுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2024 முதல் திட்ட அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பையே அது நிறுத்திவிட்டது.