ஜோசப் மெரிக்கின் எலும்புகள்

போன மாதம் எங்கட படக்கூட்டத்தில் டேவிட் லிஞ்சின் 'எலிஃபன்ற் மான்' பார்த்தோம். 1980இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். படம் முடிந்தால் வழக்கமாக கமரா, இசை என்று சண்டை பிடிப்போம். இந்த முறை ஒராள் கேட்டது வேறு: "அந்த மனிசனுக்கு உண்மையில என்ன வருத்தம்?" ஒருத்தருக்கும் தெரியாது. தேடத் தொடங்கினோம். வைத்தியர்களுக்கே அதற்குப் பதில் கிடைக்க நூறு வருசம் பிடித்திருக்கிறது. தேடி முடிக்கும்போது படத்தில் வருகிற நல்ல வைத்தியர் மேல் எங்களுக்கு இருந்த மரியாதையும் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது.

முதலில் பெயர். படத்தில் ஜோன் மெரிக். உண்மையான பெயர் ஜோசப். அவரைப் பராமரித்த வைத்தியர் பிரெடெரிக் ட்ரீவ்ஸ் 1923இல் வந்த தன் நினைவுக்குறிப்பில் 'ஜோன்' என்று எழுதிவைத்தார். பிறகு வந்தவர்கள் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஜோசப் 1862இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தலையும் வலது கையும் கால்களும் கணக்கில்லாமல் வளரத் தொடங்கின. வயிற்றில் பிள்ளையோடு இருந்த தாயை ஒரு கண்காட்சியில் யானை இடித்து விழுத்தியதுதான் காரணம் என்று வீட்டார் நம்பினார்கள், அவரும் நம்பினார். சிரிக்காதீங்கோ. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியில் வந்தால் பிள்ளைக்குக் குறை வரும் என்று எங்கட வீடுகளில் இன்றைக்கும் சொல்கிறார்கள்தானே.

பத்து வயதில் தாயை இழந்தார். சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தார், தெருத்தெருவாகச் சாமான் விற்றார், இரண்டும் சரிவரவில்லை. பதினேழு வயதில் ஏழைகளுக்கான வேலைமனைக்குள் போக வேண்டி வந்தது. அங்கே இருந்து வெளியேற 1884இல் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். என்னைக் காட்சிக்கு வையுங்கள் என்று காட்சிக்காரர் ஒருவரோடு தானே தொடர்புகொண்டார். படத்தில் ஒரு குடிகாரன் அவரை அடித்து அடைத்து வைத்திருப்பான். உண்மைக்கும் அதற்கும் வெகுதூரம்.

லண்டன் வைட்சப்பல் வீதியில், லண்டன் ஹொஸ்பிட்டலுக்கு நேர் எதிரே ஒரு கடையில் ரொம் நோர்மன் என்பவர் அவரைக் காட்சிக்கு வைத்தார். (அந்தக் கட்டடத்தில் பின்னாளில் சேலைக்கடை வந்தது.) வீதியைக் கடந்து பார்க்க வந்தவர்களில் ட்ரீவ்ஸும் ஒருவர். அவர் ஜோசப்பை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் அளந்தார், படம் எடுப்பித்தார், 1884 டிசம்பரில் நோயியல் சங்கத்துக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே உடுப்பில்லாமல் நின்றபோது சந்தையில் நிற்கிற மாடு மாதிரி இருந்தது, இனிப் போகமாட்டேன் என்று ஜோசப் சொன்னதாக நோர்மன் பின்னாளில் எழுதினார். நோர்மனும் தன் பக்கத்தை நியாயப்படுத்தத்தான் எழுதினார், அதை மறக்கவில்லை. ஆனாலும் கடையில் நின்றதுக்கு ஜோசப்புக்குக் காசில் பங்கு கிடைத்தது, சங்கத்தில் நின்றதுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

பிறகு பொலிஸ் காட்சியை மூடியது. பெல்ஜியத்துக்குப் போன இடத்தில் சேர்த்த காசெல்லாம் களவு போனது. 1886இல் கையில் ஒன்றுமில்லாமல் லண்டன் வந்து சேர்ந்தவருக்கு ட்ரீவ்ஸும் வைத்தியசாலைத் தலைவர் கார் கொம்மும் இடம் கொடுத்தார்கள். கார் கொம் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், சனம் காசு அனுப்பியது, சாகும்வரை அங்கேயே இருந்தார். இந்த உதவியைச் சின்னதாக்க நாங்கள் விரும்பவில்லை.

சரி, வைத்தியர்களுக்கு என்ன தெரிந்தது? வெளியில் தெரிந்தது மட்டும்தான். தலையின் சுற்றளவு 36 அங்குலம், வலது மணிக்கட்டு 12 அங்குலம் என்று நாடாவால் அளந்தார்கள். இடது கை மட்டும் ஒரு குறையும் இல்லாத கை. தலைப் பாரத்தால் உட்கார்ந்தபடிதான் நித்திரை கொள்வார். மண்டைக்குள் எலும்பு எப்படி வளர்கிறது என்று உயிரோடு இருக்கும்போது பார்க்க வழியே இல்லை. 1890 ஏப்ரல் 11, கட்டிலில் இறந்து கிடந்தார். வயது 27. ட்ரீவ்ஸ் உடலை வெட்டி ஆராய்ந்து, அச்செடுத்து, எலும்புக்கூட்டைப் பொருத்தி வைத்தார்.

ஐந்தே வருசம். 1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த வருசமே வைத்தியசாலைகளில் எலும்பைப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்குள் இன்னொரு பிழை நடந்தது. 1909இல் பார்க்ஸ் வெபர் என்ற வைத்தியர் இது நரம்புகளில் கட்டி வரும் நியூரோஃபைப்ரோமற்றோசிஸ் என்று எழுதினார். அந்தப் பெயர் எழுபது வருசத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டது. இது வெறும் பெயர்ப் பிழை இல்லை. அந்த நோய் ஒப்பீட்டளவில் பலருக்கு வருவது. அது இருக்கென்று தெரிந்த பிள்ளையும் பெற்றோரும் 'யானை மனிதன் நோய்' என்று கேட்டுப் பயந்தே காலம் கழித்தார்கள்.

1979இல் மைக்கல் கோஹனும் ஹேய்டனும் ஒரு புதிய, மிக அரிதான நோயை விவரித்தார்கள். 1983இல் அதற்கு 'புரோட்டியஸ்' என்று பெயர் வந்தது. நினைத்தபடி உருமாறும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயர் அது. 1986இல் ரிபிள்ஸும் கோஹனும் ஜோசப்புக்கு இருந்தது இதுதான் என்று பிரித்தானிய மருத்துவ இதழில் வாதிட்டார்கள். தடித்த மண்டையோடு, பெருத்த நீள எலும்புகள், உள்ளங்காலில் மடிப்பு மடிப்பாகத் தடித்த தோல் எல்லாம் பொருந்தின. நியூரோஃபைப்ரோமற்றோசிஸுக்கு உரிய கபில நிறத் தோல் புள்ளிகள் அவரில் பதிவாகவே இல்லை.

1990களில் அந்த எலும்புகளை எக்ஸ்ரேயிலும் சீ.ரி ஸ்கானிலும் வைத்துப் பார்த்தார்கள், புரோட்டியஸ் என்ற முடிவு பலப்பட்டது. ஏன் ஸ்கான்? சாதாரண எக்ஸ்ரே ஒரு நிழல். முகத்தில் சின்னச் சின்ன எலும்புகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் நிழல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும். சீ.ரி, தலையைப் பாண் துண்டு மாதிரி மெல்லிய அடுக்குகளாகக் காட்டும். 1971இல் ஒரு நோயாளிக்கு அதை முதன்முதல் செய்தது லண்டன் விம்பிள்டனில்தான். இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு இப்படி எலும்பு வளர்ந்தால் கண் நரம்பு நசிகிறதா, காதுத் துவாரம் அடைபடுகிறதா, மூச்சுப்பாதை ஒடுங்குகிறதா என்று கத்தி வைக்க முன்னமே பார்க்கலாம்.

2011இல் காரணமும் பிடிபட்டது. ஏ.கே.ரி.1 என்ற மரபணுவில் வரும் மாற்றம் அது. தாய் தகப்பனிடமிருந்து வருவதில்லை. கரு வளரும்போது ஒரு கலத்தில் தற்செயலாக நடந்து, அதிலிருந்து பிரிந்த கலங்களில் மட்டும் இருக்கும். ஜோசப்பின் இடது கை ஏன் தப்பியது என்பது இப்போது விளங்குகிறது. யானையில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் அவருடைய எலும்பிலேயே அந்த மாற்றத்தைக் காட்டலாம் என்று பார்த்தால், அதைச் சுத்தமாக வைத்திருக்கத் திரும்பத் திரும்ப வெளுக்கப் பண்ணியதில் டி.என்.ஏ. சிதைந்துபோயிருக்கிறது. பாதுகாத்தவர்களே ஆதாரத்தைக் கழுவிவிட்டார்கள். மிஞ்சியிருப்பது எலும்பின் வடிவமும் ஸ்கான் படங்களும்.

எலும்புக்கூடு இன்னும் லண்டனில்தான், பொதுமக்கள் பார்வைக்கு இல்லாமல். லெஸ்டருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்யுங்கள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குள் இதில் இன்னும் இழுபறி. ஸ்கான் எடுத்தாச்சு, இனி அவரை விடுங்கோ என்று பாதிப் பேர். நாளைக்கு இன்னும் நல்ல கருவி வந்தால் என்ன செய்வது, இந்த நோயோடு பிறக்கிற ஒரு பிள்ளைக்கு அது உதவுமே என்று மற்றப் பாதி. "அவரைக் கேட்டவையோ?" என்று முதல் கேள்வி கேட்ட அதே ஆள் திரும்பவும் கேட்டார். அதோடு அன்றைக்குக் கூட்டம் கலைந்தது.